வழிப்போக்கன் வாய் திறக்கலாமா?

விருத்தாசலத்தில் ஜங்ஷன் சாலையிலோ பாலக்கரையிலோ காலை எட்டரை மணிக்குப் பத்து நிமிடம் நின்று பார்ப்பவர் எவரும் இக்காட்சியைக் காண்பர். ஸ்கூட்டரின் முன்தளத்தில், ஓட்டுபவரின் முழங்கால்களுக்கிடையே, நான்கு வயதுக் குழந்தை நின்றுகொண்டு வருகிறது. பின்னால் தாய், அவள் மடியில் கைக்குழந்தை, கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பள்ளிப் பையோடு இன்னொரு பிள்ளை. ஓட்டுபவர் தலையில் மட்டும் கவசம் உண்டு. முன்பின் அறியாத இக்குடும்பத்தாரிடம் நாம் ஏதேனும் சொல்லக் கடமைப்பட்டவர்களா?

ஆபத்து எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நிற்பது, ஏறத்தாழ 20 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். பள்ளியில் படித்த இயற்பியலைக் கொண்டு எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்னால் நிற்கும் குழந்தையின் மார்புக்கும் முகத்துக்கும் நேரே இருப்பது கைப்பிடியின் இரும்பு. மோதல் வேண்டியதில்லை, திடீரென்று பிரேக் பிடித்தாலே போதும். இன்னோர் ஆபத்தும் உண்டு. கடைவாசலில் எஞ்சினை அணைக்காமல் தகப்பன் இறங்குகிறார், முன்னால் நிற்கும் குழந்தை பிடிப்புக்காக ஆக்ஸிலேட்டரைப் பற்றித் திருகுகிறது, வண்டி பாய்கிறது.

காரில் செல்வோர் இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டாம். முன்னிருக்கையில் தாயின் மடியில் அமர்ந்துவரும் பத்துக் கிலோ குழந்தை, அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 120 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாக முன்னோக்கி இழுக்கும். எந்தத் தாயின் கரமும் அதைத் தாங்காது. பணம் கொடுத்துக் குழந்தை இருக்கை வாங்குவோர் சிலர், குழந்தையின் முதுகு சாலையை நோக்கும்படி அதை முன்னிருக்கையில் பொருத்திவிடுகின்றனர். எதிரே உள்ள காற்றுப்பை விரியும்போது அந்த இருக்கையின் முதுகையே அறைந்து குழந்தையைக் கொல்லக்கூடும். அந்த இருக்கைக்கு உரிய இடம் பின்னிருக்கை.

இவ்வளவும் அறிந்த ஒருவர் ஏன் வாய் திறவாமல் போகிறார்? நம்மவர் அயலாரிடம் பேசக் கூச்சப்படுபவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நம் சாலைகளில் ஓர் அழகிய வழக்கம் இருக்கிறது. பக்கத்து ஸ்டாண்டை மடக்க மறந்து ஒருவர் வண்டியைக் கிளப்பினால், எதிரே வருபவர் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கூவுவார். சேலைத் தலைப்பு சக்கரத்தருகே தொங்கினால், பத்துப் பேர் கை காட்டுவர். பகலில் முகப்பு விளக்கு எரிந்தால் விரல்களைக் குவித்து விரித்துச் சைகை செய்வர். (இப்போதைய இருசக்கர வண்டிகளில் விளக்கு எப்போதும் எரியும்படியே அமைத்துவிட்டார்கள், ஆயினும் சைகை ஓயவில்லை!) கேட்டவர் எவரும் "உனக்கென்ன?" என்று சீறுவதில்லை, தலையசைத்துவிட்டுப் போகிறார்.

அதே மனிதரிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஸ்டாண்டு மறதியின் பாற்பட்டது; மறதியைச் சுட்டிக்காட்டுபவன் நண்பன். குழந்தையை எங்கே நிறுத்துவது என்பதோ பெற்றோர் எண்ணிச் செய்த முடிவு. அதைச் சுட்டிக்காட்டுபவன், "நீ நல்ல தகப்பன் அல்லன்" என்று தீர்ப்புச் சொல்பவனாகிவிடுகிறான். நாம் அப்படிச் சொல்லாவிட்டாலும் அவர் காதில் அப்படித்தான் விழுகிறது. உண்மையைச் சொன்னால், பல வேளைகளில் நம் குரலிலும் அந்தத் தீர்ப்பு இருக்கத்தான் செய்கிறது.

சகோதரத் திருத்தத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் விரிவாக ஆராய்ந்தார். பிறரைத் திருத்துவது அன்பின் செயல் என்பதும், அது எப்போதும் எவ்விடத்தும் கட்டுப்படுத்தும் கட்டளையன்று, காலமும் இடமும் கருதிச் செய்ய வேண்டியது என்பதும் அவர் முடிவு. ஆனால் அவர் அங்கே பேசுவது பாவத்தைப் பற்றி. மறைக்கல்வியில் நாம் கற்ற ஆன்ம இரக்கச் செயல்கள் ஏழினுள், பாவிகளைக் கண்டிப்பது ஒன்று. அறியாதவர்க்கு அறிவூட்டுவது வேறொன்று. ஸ்கூட்டர்க் குடும்பத்தாரிடம் நாம் செய்ய வேண்டியது இரண்டாவது. செய்வதோ முதலாவதன் குரலில். கேட்பவர் சினந்தால் வியப்பென்ன?

பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு தகப்பனிடம் இதுபற்றிப் பேசினேன். அவர் சொன்னார்: "பின்னாடி உட்கார வெச்சா தூங்கி விழுந்துடறான் சாமி. முன்னாடி நின்னாதான் என் கைக்குள்ள இருக்கான்." அசட்டையாக இருப்பவர் இப்படிப் பேசுவாரா? பிள்ளையைக் கண்முன் வைத்துக் காக்கும் அன்புதான் அவனை ஆபத்தின் முனையில் நிறுத்தியிருக்கிறது. அவருடைய கைகள் பிள்ளையை அல்ல, கைப்பிடியைத்தான் பிடித்திருக்கின்றன என்று சொன்னபோது சற்று யோசித்தார். கண்டித்திருந்தால் யோசித்திருக்கமாட்டார்.

அறியாமை நீங்கினாலும் தீராத ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரே வண்டி. பள்ளிக்குப் போக மூன்று பிள்ளைகள். பேருந்து வரும் நேரமோ பள்ளி நேரத்துக்கு ஒத்துவருவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இருசக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் வாரும், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் வேண்டும் என்று 2022இல் விதி வகுத்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தினர். நல்ல விதிதான். அந்த வாரை அணிந்த ஒரு குழந்தையை நம் ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமில்லாதவரிடம் காரிலிருந்து கண்ணாடியை இறக்கிச் சட்டம் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. அவரிடம் செலவின்றி இன்றே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லலாம்: முன்னால் நிற்பவனைப் பெரியவர் இருவருக்கும் நடுவே அமர்த்துங்கள், நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினை அணையுங்கள்.

காரின் மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து, ஓடும் வண்டியில் பிள்ளைகளை வெளியே தலைநீட்டி நிற்கச் செய்வோரும் உளர். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில் போனால் பார்க்கலாம். இவர்களுக்கு வறுமையும் இல்லை, இருக்கையும் வாரும் இல்லாமலில்லை. இங்கே கண்டிப்புக்கும் இடமுண்டு என்பேன். ஆனால் அவர்கள் நிற்பதில்லை!

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்குத் தொல்லை வராதபடி உச்ச நீதிமன்றம் 2016இல் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. விபத்துக்கு முன் வாய் திறப்பவருக்கு அப்படிப்பட்ட துணை ஏதுமில்லை. இது பீங்கான் ஊர். பச்சை மண்ணில் விரிசல் தெரிந்தால் மறுபடி கரைத்துக் குழம்பாக்கலாம், சூளைக்குள் போய் வந்தபின் அது ஓடுதான் என்பது இங்கே தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். விரிசலைக் காட்டுபவன் செய்தவனைத் திட்டுவதில்லை, பண்டத்தைத்தான் காட்டுகிறான். ஆயினும் அவன் பேசுவது அறிந்தவனிடம். அயலானிடம் பேசுபவன் இடமறிந்து பேச வேண்டும். ஓடும் வண்டியைப் பார்த்துக் கத்தினால் ஓட்டுபவர் திரும்பிப் பார்ப்பார், அதுவே விபத்தாகும். பேச வேண்டியது வண்டி நின்றபின். அதுவும் பிள்ளையின் காதில் விழாமல், மெல்லிய குரலில். தன் மகன் முன்னால் தகப்பன் தலைகுனியக் கூடாது.

இங்கே ஒரு பள்ளி வாசலில் கொய்யாப்பழம் விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடம் காரும் இல்லை, என்னைப்போல் வெள்ளை அங்கியும் இல்லை. "யப்பா, புள்ள கை ஆக்ஸிலேட்டர்ல இருக்கு பாரு, வண்டிய ஆஃப் பண்ணு" என்று வருபவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்கிறார், ஸ்டாண்டு எடுக்கச் சொல்வதுபோலவே. அவரிடம் எவரும் கோபித்து நான் கண்டதில்லை. பாதிப் பேர் அணைக்கிறார்கள்.