த்ருஷ்டாந்தக் கதையும் அதன் தாத்பர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸம்ப்ரதாய விஷயங்களைச் சிறுவர்களுக்குக் கதையாகச் சொல்லும்போது, சுவைக்காக நாமாக எதையும் சேர்க்கலாமா? இக்கேள்விக்கு அண்மையில் நாம் செய்த ஒரு பிழையே விடையளித்தது.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், ஸமந்வயாதிகரணத்திலே ஒரு ராஜகுமாரனின் கதையை அருளிச்செய்கிறார். விளையாட்டில் ஈடுபட்டு அரண்மனையை விட்டு வெளியேறிய சிறுவன் வழி தவறிப் போகிறான். மகன் தொலைந்தான் என்று அரசன் எண்ணுகிறான். சிறுவனோ தன் தந்தை யாரென்று அறியான். அந்தணர் ஒருவர் வளர்க்க, வேத சாஸ்த்ரங்களைக் கற்று 16 வயதை அடைகிறான். அப்போது நம்பத் தகுந்த ஒருவர், அரசனே அவன் தந்தை என்றும், தொலைந்த மகனைக் காண விரும்பியிருக்கிறான் என்றும் தெரிவிக்கிறார். கேட்ட அக்கணமே குமாரன் ஆனந்தமடைகிறான். மகன் நலமாயிருப்பதைக் கேட்ட அரசனும் பேருவகை எய்தி, அவனைப் பெற முயல்கிறான். பின்னர் இருவரும் கூடுகிறார்கள்.

ஒரு செயலை விதிக்காத வாக்யத்துக்குப் பயனில்லை என்ற வாதத்துக்கு விடையாக அமைந்தது இது. ப்ரஹ்மத்தின் ஸ்வரூபத்தை அறிவிக்கும் வேதாந்த வாக்யமும் பயனுடையதே என்பது தாத்பர்யம். ஆகையாலேயே கதையில் ஆனந்தம் முன்னும், கூடுதல் பின்னுமாக நிற்கின்றன.

இணையவழி வகுப்பில் இதைச் சொன்ன நாம், குழந்தையைக் கடத்திச் சென்ற ஒரு துஷ்ட மந்த்ரியைச் சேர்த்துவிட்டோம். சிறுவர்கள் மிகவும் ரஸித்தார்கள். முடிவில் அவர்கள் கேட்டது ஒன்றே: அந்த மந்த்ரிக்கு என்ன தண்டனை கிடைத்தது? தந்தையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இழந்தது அது மட்டுமன்று. ஜீவாத்மா எம்பெருமானை விட்டு அகன்று நிற்பது வேறொருவன் செய்த சதியால் அன்று. அநாதியான தன் கர்மத்தாலேயே. சிறுவன் தானே விளையாடப் போனான் என்ற சிறு விவரம் இப்பொருளையும் தாங்கி நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. நாம் படைத்த மந்த்ரியோ பழியைத் தான் ஏற்றுக்கொண்டு, நம்மை நிரபராதிகளாக்கிவிட்டான். வங்கியில் பணியாற்றிய நமக்கு இது புரிந்திருக்க வேண்டும்: நடவாத வரவை ஏட்டில் எழுதினால், எழுத்து எவ்வளவு அழகாயிருந்தாலும் கணக்கு பொய்யே.

கதை சொல்பவர் மொழியை எளிதாக்கலாம். குரலில் உணர்ச்சி கூட்டலாம். தாத்பர்யத்தை மாற்றும் பாத்திரத்தை மட்டும் நுழைக்கலாகாது.

அடுத்த வகுப்பில், மந்த்ரி நம் கற்பனையே என்று ஒப்புக்கொண்டு, கதையை உள்ளபடி சொன்னோம். சற்று நேரம் அமைதி. பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: "அத்தனை வருஷமா அப்பா தேடவே இல்லையா?"

அவதாரங்களையும், ஆழ்வார்களையும், ஆசார்யர்களையும் பற்றிச் சொல்ல நமக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.