பசித்தவன் வைத்த கண்ணி

நெல்லறுத்துத் தாள் மட்டும் நிற்கும் வயலில், வரப்போரத்து வளையின் வாயில் வைக்கோல் அடைத்துத் தீயிட்ட மண்கலயத்தைக் கவிழ்த்து, அதன் சிறு துளை வழியே வாயால் ஊதிப் புகையேற்றி, திணறி மயங்கும் எலிகளையும் அவை சேமித்த கதிர்களையும் ஒருங்கே தோண்டியெடுக்கும் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களைக் கண்டவர்கள், அவ்விரண்டும் அன்றைய பசிக்கே போயின என்பதையும் அறிவார்கள். இது ஹிம்சையா என்று கேட்பது எளிது; விடை கூறத்தான் நெஞ்சு தயங்குகிறது.

தன்னுயிர் போவதாயினும் பிறிதோர் உயிரைப் போக்காதே என்பது வள்ளுவர் கட்டளை. ஆபத்துக்காலத்துக்கென்று அதில் விலக்கு இல்லை. ஆயினும் அக்குறளைப் படிக்குந்தோறும் என் மனம் ஒரு சொல்லிலே நின்றுவிடுகிறது. அவர் விடச் சொல்வது தன் உயிரை. மடியில் கிடந்து அழும் குழந்தையின் உயிரை அன்று. புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரமாகவும் கொல்லாமை 33ஆம் அதிகாரமாகவும் துறவறவியலிலே அமைந்திருப்பதை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே கருதுகிறேன். துறவிக்குத் தியாகம் செய்ய உள்ளது தன் பிராணன் ஒன்றே. இல்லறத்தானோ, தன்னை நம்பிய பிராணன்களுக்கும் கடன்பட்டவன். ஆகையால், காட்டில் வழிதப்பிய தகப்பன் முயலுக்குக் கண்ணி வைத்தால், வேளைதோறும் சோறு கிடைக்கும் நான் அவன்மேல் அக்குறளை எடுத்து வீச மாட்டேன். அது என்னை நானே அளந்துகொள்வதற்குரிய கோல்.

ஆனால், ஆபத்துக்காலத்துக்கு விலக்களிக்கும் ஆபத்தர்மம் அனுமதித்ததனாலேயே அச்செயல் புனிதமாகிவிட்டது என்று வாதிப்பவர்களோடும் என்னால் உடன்பட இயலவில்லை. கண்ணியில் சிக்கிய முயலும் தன் உயிரைக் காக்கத்தான் துடிக்கிறது. அதன் துடிப்புக்கும் அவன் பசிக்கும் இடையே நியாயம் வழங்கும் தராசு எவரிடமும் இல்லை. பசி தீர்ந்ததும் மிஞ்சிய கண்ணிகளை அவிழ்த்துவிட்டே அவன் அவ்விடம் நீங்க வேண்டும், ஏனெனில் வைத்தவன் போன பின்பும் கண்ணி கொல்லும்.

மகாபாரதத்துச் சாந்திபர்வம் பன்னிரண்டாண்டு மழையற்ற ஒரு பஞ்சத்தைச் சொல்கிறது. பசியால் மெலிந்த விசுவாமித்திரர், சண்டாளன் ஒருவனுடைய குடிசையில் நாயின் தொடையிறைச்சியைக் கவரப் புகுகிறார். அது தகாது என்று அவனே நெடுநேரம் வாதாடித் தடுக்க, உயிரோடிருந்தால் அன்றோ தர்மம் செய்யலாம் என்று விடையிறுத்து அதை எடுத்துச்செல்கிறார். அவர் அதைச் சமைத்துத் தேவர்களுக்குப் படைத்த வேளையில் மழை பொழிந்தது. அத்தகைய மகரிஷியும் அந்தப் பாபத்தைப் பின்னர்த் தவத்தால் எரித்து, நெடுங்காலம் கழித்தே சித்தியடைந்தார் என்கிறது அந்த இதிகாசம்.