அடுக்களையிற் சரியை உண்டோ?

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவமாம். மழை விடாது பெய்யும் இந்நாள்களில் சைவ இல்லங்களில் அடுப்பு ஆறுதல் அரிது. தீபாவளியும், அதனை ஒட்டிவரும் கேதாரகௌரி நோன்பும், ஐப்பசிப் பூரணையில் அன்னாபிடேகமும், கார்த்திகை விளக்கீடும் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. ஒவ்வொன்றற்கும் உரிய பண்ணிகாரம் உண்டு. நோன்புக்கு அதிரசம், விளக்கீட்டுக்கு நெற்பொரி யுருண்டையும் அப்பமும், எண்ணெய்ப் பண்டம் மிகுதியாய் உண்ட வயிற்றுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியன இடித்து வெல்லமும் நெய்யும் கூட்டிக் கிளறிய இலேகியம், மழையில் நனைந்து வரும் விருந்தினர்க்குச் சுக்கும் மல்லியும் இட்டுக் காய்ச்சிய நீர்.

சித்தாந்தம் பேசும் ஏட்டில் அதிரசத்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நாவின் சுவை பாசத்தின்பாற் பட்டதன்றோ என்பர். மடத்தில் பாடங்கேட்ட இளமையில் யானும் அவ்வாறே கருதினேன். விழாநாளில் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்ட ஒரு மாணாக்கனைப் பார்த்து நாங்கள் நகைத்ததுண்டு. ஆயின் நம் நூல்கள் கூறுவது அஃதன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவன் உயிர்களின் பொருட்டு மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுத்தவை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு மாயாகாரியம் விடியுமளவும் விளக்குப் போல உதவும் என்பதே நம் ஆசிரியர் கொள்கை. விளக்கைக் கொடுத்தவனை மறந்து விளக்கையே கட்டிக்கொள்ளுதல் பிழையேயன்றி, விளக்கு இருத்தல் பிழையாகாது. ஆகலின் விழாநாட் பண்ணிகாரம் உண்ணலாமா என்பது எனக்கு ஐயமன்று. என்னை நெடுநாள் வருத்திய ஐயம் வேறு. அஃது உண்பாரைப் பற்றியதன்று, அடுவாரைப் பற்றியது.

பல்லாண்டுகட்கு முன் ஒரு கார்த்திகை நாள். மாலையில் அன்பர் எழுவர் என் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தனர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளையும் யான் விரித்துக் கூறிக்கொண்டிருந்தேன். இடையிடையே உள்நோக்கிக் குரல் கொடுக்கப் பொரியுருண்டைத் தட்டு வந்தது, சுக்குநீர் வந்தது, மீண்டும் தட்டு வந்தது. பின்னர் அனைவேமும் எழுந்து கோயில் வாயிலுக்குச் சென்று சொக்கப்பனை கண்டு மீண்டோம். இரவு யான் உண்ண அமர்ந்தபோது என் மனைவி, "சொக்கப்பனை எரிந்தாயிற்றா? நன்றாகப் பார்த்து வந்தீர்களா?" என்று வினவினாள். அவள் குரலில் குறை இல்லை. இலையில் சோறிட நீண்ட அவள் கையை அப்போதுதான் நோக்கினேன். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

பொரியுருண்டை பிடித்தலை அறியாதார்க்கு இது விளங்காது. வெல்லப்பாகு முற்றிய பதத்தில் இருத்தல் வேண்டும். ஒரு துளியை நீரில் இட்டு உருட்டித் தட்டில் எறிந்தால் ஓசை எழவேண்டும். அப்பாகைப் பொரியிற் கொட்டிக் கிளறியவுடன், சூடு ஆறுமுன் அரிசிமாவைக் கையில் தொட்டுக்கொண்டு விரைந்து உருட்டவேண்டும். ஆறவிட்டால் உருண்டை பிடிபடாது. சுடச்சுடப் பிடித்தால் கை வேகும். யான் சரியை இன்னதென்று திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்த பொழுதெல்லாம் அவள் செய்துகொண்டிருந்தது இதுவே.

அது சரியையாகுமா? கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல் என்று தாசமார்க்கத்தை எடுத்தோதிய சிவஞானசித்தியார், அடியாரைக் கண்டால் பணிந்து அவர்தம் பணியைச் செய்தலையும் அதனுட் சேர்த்தே கூறுகின்றது. உடம்பால் செய்யும் தொண்டு என்னும் இலக்கணம் அடுக்களைக்கும் பொருந்துகின்றது. வீட்டிற் சமைப்பது வீட்டார் நாவின் பொருட்டன்றோ, சிவத்தின் பொருட்டு எங்ஙனமாம் என்று தடை எழுப்பலாம். அதற்கு விடையாய் நிற்பவர் இளையான்குடி மாறனார். மழைக்கால இரவில் அடியார் ஒருவர் வர, வீட்டில் ஒன்றும் இல்லாத நிலையில், அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னவர் அவர்தம் மனைவியார் என்றே சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். நாயனார் இருளில் வயலுக்குச் சென்றார். விறகு இன்மையால் கூரைக் கொம்பை வெட்டி வீழ்த்தினார். அம்மையார் நெல்லைப் பக்குவஞ்செய்து அட்டார். பறித்து வந்த கீரையையே பல கறியாக்கினார். சிவலோகம் பெற்றவர் இருவருமே. திருஞானசம்பந்தர் மயிலைப் பதிகத்தில் விழாக்களை அடுக்கும்போது ஐப்பசி ஓணத்துக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் முன்னரே, முதற்பாட்டில், அடியார்க்கு அமுதளிக்கும் காட்சியை வைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே அடுதல் சரியையே என்று துணியலாம். ஆனால் இத்துணிபு ஆடவர்க்கு மிகவும் வசதியானது என்பதையும் ஒளியாமல் கூறவேண்டும். "உன் பணி சிவபுண்ணியம்" என்று புகழ்ந்துவிட்டு நாம் சொக்கப்பனை காணச் சென்றுவிடலாம் அன்றோ! மாறனார் அங்ஙனம் செய்திலர். மழையில் நனைந்து சேற்றில் நெல் வாரினார். கேதாரகௌரி நோன்போ உமையம்மையார் இறைவன் திருமேனியிற் பாதி பெற்றதைக் குறித்து நோற்பது. அந்நோன்புக்கான வேலையில் ஒரு பாதியாவது யான் ஏற்றதில்லை.

சென்ற ஆண்டு இவ்வினா வேறுருவில் வந்தது. என் மருமகள் அலுவலகம் செல்பவள். "மாமா, நோன்புக்கு அதிரசத்தைக் கடையிலேயே வாங்கிவிடலாமா?" என்று கேட்டாள். உடனே 'கூடாது' என்னும் சொல் என் வாயில் வந்தது. எவ்வெண்ணெயிற் பொரித்ததோ, எவர் முன்னரே சுவைத்ததோ என்று அறியாததைப் படைத்தல் ஆசாரமன்று என்பது உண்மையே. ஆயினும் மாவிடியாதவன், பாகு காய்ச்சாதவன், இன்னொருத்தியின் உறக்கத்தை எடுத்து ஆசாரம் காக்கச் சொல்லுதல் எவ்வகை நீதி? சிறிது பொழுது வாளாவிருந்து, "படைத்தற்குரிய 21 அதிரசமும் வீட்டிற் செய்வோம், வருவார் போவார்க்கு வேண்டுவனவற்றைக் கடையில் வாங்கு, மாவிடித்தல் என் பொறுப்பு" என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, சிரித்தாள்.

பச்சரிசியை ஊறவைத்து வடித்து நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகாமுன் இடித்துச் சலித்தேன். அறுபதைக் கடந்த தோளுக்கு அஃது எளிதன்று. பாகும் யானே காய்ச்சினேன். இளம்பதத்தில் இறக்கிவிட்டமையால், இரண்டு நாள் வைத்திருந்து தட்டியபோதும் முதல் நான்கும் எண்ணெயிற் பிரிந்து போயின. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒரு பிடி மாவைக் கூட்டிப் பிசைந்து கொடுத்தாள். பின்னர்த் தட்டியவை பிரியவில்லை.

அவ்வாண்டுக் கார்த்திகைக்குப் பொரியுருண்டைகளை முதல்நாளே மூவரும் சேர்ந்து பிடித்துவைத்தோம். மறுநாள் அகல்களை ஏற்றியபின் திண்ணையில் ஒருவரும் அமரவில்லை. மருமகள் வாயிற்கதவைச் சாத்த, மனைவி முன்னே செல்ல, எல்லேமும் சொக்கப்பனை காணப் போனோம்.