பெற்றோர் கையில் கட்டிய கடிகாரம் – ஜும்ஆ பயான்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.

 

இன்று ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் மஹல்லாவில் பெரியவர் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். 70 வயதைத் தாண்டியவர். சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. மகன் சவூதியில் இருக்கிறார். லீவில் வந்தபோது அத்தாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து கட்டிவிட்டுப் போனார். நாடித் துடிப்பு, நடந்த அடிகள், தூங்கிய நேரம் எல்லாம் மகனுடைய போனுக்குப் போய்விடும். நல்ல எண்ணம்தான். அதற்கு அல்லாஹ் கூலி கொடுப்பான்.

பிறகு தினமும் இஷாவுக்குப் பின் போன் வரும். "என்னத்தா, இன்னைக்கு 800 அடிதான் நடந்திருக்கீங்க?" "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன் முழிச்சிருந்தீங்க?" "வாட்ச்சை ஏன் கழட்டுனீங்க?" நலம் விசாரிக்க வந்த போன் கணக்குக் கேட்கும் போனாகிவிட்டது. பெரியவர் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி, தெருவெல்லாம் ஓடித் திரியும் பத்து வயதுப் பேரன் கையில் கட்டிவிட்டார். மறுநாளே 12,000 அடி! மகனுக்கு ஒரே சந்தோஷம். "மாஷா அல்லாஹ், அத்தா நல்லா நடக்கிறாங்க" என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒருநாள் சுபுஹுக்கு உளூ செய்ய வந்தவர் ஹவுள் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். இதயம் ஒழுங்கில்லாமல் துடித்திருக்கிறது, அதனால் ரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "கொஞ்ச நாளாவே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு ஹஜ்ரத். சொன்னா திட்டுவான்னு விட்டுட்டேன்" என்றார் பிறகு. அந்த நாட்களில் மகனின் போனில் வந்துகொண்டிருந்தது பேரனுடைய நாடி. அல்ஹம்து லில்லாஹ், பெரியவர் பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. தக்பீர் கட்டும்போது வலது கையால் இடது கையைத் தூக்கி வைக்கிறார்.

அந்த மகனைக் குறை சொல்லி நாம் தப்பித்துவிட முடியாது. நானும் என் தாயாருக்கு வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்தவன்தான். அளவு கூடினால் என் முதல் கேள்வி, "ஊறுகாய் சாப்பிட்டீங்களா?" கொஞ்ச நாளில், "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார்கள். பேட்டரி தீரவில்லை.

பெற்றோர் முதுமையை அடைந்தால் அவர்களிடம் 'சீ' என்ற அளவுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று சூரா பனூ இஸ்ராயீலின் 23-வது வசனத்தில் அல்லாஹ் தடுக்கிறான். அந்த வசனத்தில் 'இன்தக', அதாவது 'உன்னிடத்தில்' என்று ஒரு சொல் வருகிறது. ஒரு காலத்தில் நீ அவர்களிடத்தில் இருந்தாய். இப்போது அவர்கள் உன்னிடத்தில் இருக்கிறார்கள். சவூதியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் உன் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். அந்த 'சீ' வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. "800 அடிதானா?" என்ற கேள்விக்குள்ளேயும் அது ஒளிந்திருக்கும்.

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது நடந்ததைப் பாருங்கள். அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் தந்தை அபூகுஹாஃபாவை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வருகிறார்கள். முதியவர், பார்வை இல்லாதவர், தலையெல்லாம் வெள்ளை. அவரைப் பார்த்ததும் நபியவர்கள், பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கக் கூடாதா, நானே அவரிடம் வந்திருப்பேனே என்று கேட்டார்கள். முஸ்னத் அஹ்மதில் பதிவாகியிருக்கிறது. மக்காவே கைக்குள் வந்திருக்கும் நாளில், ஒரு முதியவரை நடக்க வைத்துவிட்டோமே என்ற கவலை!

நாமோ பெரியவரைக் கருவியிடம் இழுக்கிறோம். கருவியைப் பெரியவரிடம் கொண்டுபோவதில்லை. சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது, பெரிதாக்கி வைத்தோமா? தினமும் சார்ஜ் போட வேண்டும். அந்த வேலையை வீட்டில் ஒரு பிள்ளை ஏற்றுக்கொண்டதா? வார் இறுகினால் அரிக்கும். தளர்ந்தால் பின்பக்கத்துப் பச்சை விளக்கு தோலோடு ஒட்டாமல் நாடியைத் தப்பாகக் காட்டும். இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோமா? ஒரு தடவை சொன்னால் போதாது, பத்துத் தடவை சொல்ல வேண்டும். 'இது என்னத்தா' என்று நாம் நூறு தடவை கேட்டபோது அவர்கள் அலுத்துக்கொள்ளவில்லை. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் இருக்கிறது. கடிகாரம் வாங்கிக் கொடுப்பது ஒருநாள் அமல். தினமும் சார்ஜ் போட்டுக் கட்டிவிடுவதுதான் தொடர்ந்து செய்யும் அமல்.

இன்னொன்று. அத்தாவின் தூக்கமும் நாடியும் யார் யார் போனுக்குப் போகிறது என்பதை அவரிடம் சொல்லி, சம்மதம் கேளுங்கள். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற தடை சூரா ஹுஜுராத்தில் இருக்கிறதே, அது பெற்ற தகப்பன் விஷயத்தில் மட்டும் நீங்கிவிடவில்லை. மருமகள், சம்பந்தி வரைக்கும் அந்தக் கணக்கு போனால் எந்த மனிதர்தான் கையில் கட்டுவார்?

பெரியவர்களே, இனி உங்களிடம். உங்களில் பலர் கடிகாரத்தைக் கைவிடுவது நம் ஹவுளில்தான். ஐந்து வேளையும் கழற்றித் திண்ணையில் வைக்கிறீர்கள், ஒருநாள் மறந்துவிடுகிறீர்கள். மோதினார் அறையில் இப்போதே இரண்டு கடிகாரம் கிடக்கிறது. தண்ணீர் புகாத கடிகாரம் என்றால் கழற்றத் தேவையில்லை. வாரைத் தளர்த்தி மேலே தள்ளி, அடியில் தண்ணீர் படும்படி கழுவினால் உளூ நிறைவேறும். தங்கத்தில் மட்டும் வேண்டாம், ஆண்களுக்கு அது ஆகாது.

சர்க்கரை பார்க்க மேற்கையின் பின்பக்கம் ஒட்டும் சென்சார் உளூவில் கழுவும் இடத்தில் வராது. முழங்கையோடு நம் கடமை முடிகிறது. கடமையான குளிப்பில்தான் கேள்வி. மருத்துவர் சொல்லி ஒட்டியது, எடுத்தால் வீணாகிவிடும் என்ற நிலையில் அதைக் காயக்கட்டின் சட்டத்தோடு சேர்த்து மேலே மஸஹ் செய்யலாம் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். ஷாஃபி மத்ஹபில் தயம்மும் சேர்க்கும் விபரம் உண்டு. என்னிடம் தனியாக வந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோன்பு முறியுமோ என்று பயந்து ரமளானில் சென்சாரை எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சோதனைக்காக ரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்று ஜித்தாவில் 1997-ல் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது. ரத்தமே எடுக்காத சென்சாருக்கு என்ன தடை? சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அது தெரிய வேண்டுமானால் கருவி உடம்பில் இருக்க வேண்டும்.

"மவுத்து வந்தா வாட்ச் தடுக்குமா ஹஜ்ரத்?" என்று கேட்பீர்கள். தடுக்காது. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள், செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிப்பு, அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. முதுமைக்கு மருந்தில்லை, ஆனால் முதுமையில் வரும் நோய்க்கு உண்டு. கருவியையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். மாரடைப்பைக் கடிகாரம் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் கையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது கடிகாரம் கட்டியிருக்கிறார். மகன் இப்போதும் இஷாவுக்குப் பின் போன் செய்கிறார். முதலில் "சாப்பிட்டீங்களாத்தா?" என்கிறார், பிறகு அன்றைக்குப் பள்ளியில் யார் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். அடிக்கணக்கை அத்தாவே சொல்கிறாராம், சில நாள் கொஞ்சம் கூட்டி!

இன்று தொழுகை முடிந்ததும் மதரஸா ஹாலில் நம் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் அஸர் வரை இருப்பார்கள். பீரோவில் கிடக்கும் வாட்ச், பிரஷர் கருவி எதுவானாலும் கொண்டு வாருங்கள்; எழுத்தைப் பெரிதாக்கி, வாரைச் சரிசெய்து, தமிழில் சொல்லித் தருவார்கள். நடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால் வீட்டு எண்ணை மோதினாரிடம் கொடுங்கள். பிள்ளைகளே அங்கு வருவார்கள்.