பூட்டிய வீடும் பொதுக்கடனும்

வாழ்வாரின்றிப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தனிவரி விதித்தல் அறமாகுமா? பெருநகரங்கள் சில 'ஆகும்' என்றே விடையளித்துள்ளன. கனடாவின் வன்கூவர் 2017ஆம் ஆண்டு முதல் இத்தகைய வரியை அறவிடுகின்றது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவும் 2022ஆம் ஆண்டிலிருந்து வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றாக அதனை விதித்தது. 2024இல் அது மூன்றாக உயர்ந்தது. உறையுளின்றிப் பலர் அலையும் ஊரில், வீட்டை வெறுமையாக வைத்திருப்பது உடைமையாளனின் சொந்த விடயம் மட்டுமன்று என்பதே அவ்வரியின் அடிப்படை.

இவ்வாதத்தை வன்னிக்கு அவ்வாறே பொருத்தலாமா? இங்கும் நகர சபையும் பிரதேச சபைகளும் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு சோலைவரி விதிக்கும் அதிகாரம் உடையன. ஆளற்ற வளவில் பற்றை மண்டுகிறது. பாழ்ங்கிணற்றில் நுளம்பு பெருகுகிறது. அயலவனே அதன் துன்பத்தைச் சுமக்கிறான். ஆதலின் ஊருக்கு உடைமையாளன் கடன்பட்டவன் என்பதை மறுத்தற்கில்லை.

எனினும், கடனை அளக்குமுன் வெறுமையின் காரணத்தை வினவுதல் வேண்டும். முல்லைத்தீவு முஸ்லிம் மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டனர். கிளிநொச்சி 1996இலும் 2008இலும் ஊரோடு பெயர்ந்தது. கேப்பாப்புலவு மக்கள், போர் முடிந்து எட்டாண்டுகள் சென்ற பின்னரும், 2017இல் தம் நிலத்தைக் கேட்டுப் படைமுகாம் வாயிலில் அமர்ந்தனர். இவ்வீடுகளை வெறுமையாக்கியவர் அவற்றின் உடையோர் அல்லர். செய்யாத குற்றத்துக்குத் தண்டம் விதித்தல் வரியாகாது. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் பெயருக்கு வரி அறிவித்தல் செல்லுமாயின், அதனைக் கையேற்கும் தாய் எதனைச் செலுத்துவாள்?

அப்படியாயின் எல்லா வெறுமையும் மன்னிக்கத்தக்கதோ எனின், அன்று. திரும்பும் வழி திறந்திருந்தும் திரும்பாது, விலை ஏறும் நாளை எதிர்நோக்கிப் புலம்பெயர் நாட்டிலிருந்தே பூட்டி வைத்திருப்போரும் உளர். இவர் தம் துயரத்தையும் இடம்பெயர்ந்தோர் துயரத்தையும் ஒன்றெனக் காட்டுவது பின்னவர்க்கு இழைக்கும் அநீதியாகும். எனவே, 'வீடு எத்தனை ஆண்டு வெறுமை?' என்பதை விடுத்து, 'கதவைத் திறக்க இயன்ற நாள் எது?' என்பதையே கணக்கின் தொடக்கமாகக் கொள்ளல் வேண்டும்.

இங்கு வேறொரு தடையும் உண்டு. காணியற்ற குடும்பத்தைக் குடியிருத்தலாமே என்றால், 'பத்தாண்டு சென்றால் காணி அவர்களதாகிவிடும்' என உடைமையாளர் அஞ்சுவர். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிரிடை ஆட்சிக்கு உரிமை வழங்குவதே இவ்வச்சத்தின் வேர். போரால் காணியை இழந்தோர்க்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் காப்பளிக்க முற்பட்டது. ஆயின் உடையவன் இசைவோடு குடியிருத்தல் எதிரிடை ஆட்சியன்று. எழுத்திலான ஓர் ஒப்பந்தம் அவ்வச்சத்தைப் பெரிதும் நீக்கும். அவ்வாறு வீட்டைப் பிறர்க்கு ஈந்தவனுக்கு வரிச்சலுகை அளித்தல் தண்டத்தினும் சிறந்த வழியாகும்.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. மீள வருவேன் என்ற வாக்கும் அதனுள் அடங்கும். வரமுடியாதவனின் வாக்கை வரியால் அழித்தல் கொடிது. வர இயன்றும் வராதவன் அவ்வாக்கைக் காட்டி ஊரை ஏமாற்றுதலும் கொடிதே. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியும் வரியே அறத்தோடு பொருந்தும்.