ஒரு விசை, எத்தனை வெடி?

சட்டம் தடுக்காத ஒன்றைச் செய்பவன் குற்றவாளி அல்லன். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. ஆனால், சட்டம் தடுக்கவில்லை என்ற ஒன்றினாலேயே அவன் செய்தது சரியானதாகிவிடுமா? பழைய கேள்விதான். ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி விசையைச் சுற்றி நடந்த வழக்குகள் இதனைப் புதிய கூர்மையோடு நம்முன் வைத்திருக்கின்றன.

சட்டத்தின் சொற்களிலிருந்து தொடங்குவோம். 1920களில் சிக்காகோ போன்ற நகரங்களில் கள்ளச்சாராயக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு தெருவில் இறங்கின. அந்தப் பின்னணியில் 1934 இல் தேசிய சுடுகலன் சட்டம் வந்தது. கையால் மீண்டும் குண்டேற்றாமல், விசையின் ஒரே தொழிற்பாட்டினால், தன்னியக்கமாக ஒன்றுக்கு மேற்பட்ட வெடிகளைத் தீர்ப்பது இயந்திரத் துப்பாக்கி என்பதே இன்று அச்சட்டத்திலுள்ள வரைவிலக்கணத்தின் சாரம். 1986 இல் வந்த திருத்தம், அதன் பின் செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைச் சாதாரண குடிமக்கள் வைத்திருப்பதைத் தடைசெய்தது. மீறினால் 10 ஆண்டுகள் வரை சிறை. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு வெடி மட்டும் தீர்க்கும் அரைத் தன்னியக்கத் துப்பாக்கியோ கடையில் வாங்கக்கூடியது.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் ஒரு வியாபாரம் முளைத்தது. துப்பாக்கியை வாங்கியபின் அதில் பொருத்திக்கொள்ளும் சாதனங்கள் சந்தைக்கு வந்தன. விசை ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை அசையவே செய்யும். ஆனால் விரலுக்குச் சொந்தமான வேகத்தில் அல்ல. இவை எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று சொல்லவேண்டிய சமஷ்டிப் பணியகம் தானே தடுமாறியது. 2002 இல் சுருள்வில் கொண்ட ஒரு சாதனத்தை ஆகுமென்றது. 2006 இல் ஆகாதென்றது. 2004 இல் ஒரு சப்பாத்துக் கயிற்றை ஒரு துப்பாக்கியோடு குறித்த விதமாகக் கட்டினால் அது இயந்திரத் துப்பாக்கி என்று கடிதம் எழுதியது; 2007 இல், கயிறு தனியே கிடந்தால் குற்றமில்லை, பொருத்தினால்தான் குற்றம் என விளக்கம் கொடுத்தது. 2010 இல், சுருள்வில் இல்லாத 'பம்ப் ஸ்டொக்' என்ற வழுக்கும் பிடங்குக்கு அனுமதி கிடைத்தது. துப்பாக்கியின் பின்னுதைப்பையே பயன்படுத்தி, அசையாத விரலில் விசையை மீண்டும் மீண்டும் மோதச் செய்வது அது. நிமிடத்துக்கு 400 முதல் 800 வெடிகள் வரை அதனால் இயலும்.

2017 ஒக்டோபர் 1 ஆம் திகதி இரவு, லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் 32 ஆவது மாடியிலிருந்து ஒருவன், கீழே இசை விழாவில் கூடியிருந்தவர்களைச் சுட்டான். சுமார் பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெடிகள். 58 பேர் மாண்டனர். காயங்களினால் பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் 60 பேர். அவனுடைய துப்பாக்கிகள் பலவற்றில் இந்தப் பிடங்கு பொருத்தப்பட்டிருந்தது.

2018 டிசம்பரில், ட்ரம்ப் நிருவாகத்தின் கீழ், அதே பணியகம் தன் முன்னைய கருத்தைக் கைவிட்டு, பம்ப் ஸ்டொக்கும் இயந்திரத் துப்பாக்கியே என்று விதி செய்தது. வைத்திருப்போர் 2019 மார்ச் இறுதிக்குள் அழிக்கவோ ஒப்படைக்கவோ வேண்டும். டெக்ஸாஸைச் சேர்ந்த துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையால் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு வெடிக்கும் விசை விடுபட்டு மீண்டும் தொழிற்படுகிறது, ஆகவே இது ஒரே தொழிற்பாடு அல்ல என்று எழுதினார் நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ். தாராவைப் போல நடந்து, நீந்தி, கத்தும் பறவையைத் தாரா என்றே தாம் அழைப்பதாக மறுத்தெழுதினார் நீதியரசர் சோனியா சொட்டோமேயர்.

கதை அத்தோடு முடியவில்லை. வெடித்தவுடன் விசையை வலிந்து முன்தள்ளும் இன்னொரு சாதனத்தை 2021 இல் பணியகம் இயந்திரத் துப்பாக்கி என்றது. 2024 ஜூலையில் டெக்ஸாஸ் சமஷ்டி நீதிமன்றமொன்று அல்லவென்றது. 2025 மே மாதம் நீதித் திணைக்களம் சமரசத்துக்கு வந்து, கைப்பற்றியவற்றைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டது. உற்பத்தி நிறுவனமோ கைத்துப்பாக்கிகளுக்கு இதனைச் செய்வதில்லை என வாக்களித்தது.

உயர் நீதிமன்றத்தை ஏசுவது இலகு. நான் அப்படிச் செய்யமாட்டேன். ஒரு மனிதனைப் பத்தாண்டுகள் சிறையில் வைக்கும் அதிகாரம் எழுதப்பட்ட சொல்லுக்குள் நிற்கத்தான் வேண்டும். 2010 இல் ஆகுமென்ற அதே உத்தியோகத்தர்கள், சட்டத்தில் ஒரு எழுத்துக்கூட மாறாத நிலையில், 2018 இல் ஆகாதென்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய கடிதத்தை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இலட்சக்கணக்கானோர். இன்று பிடங்குக்காகச் சொல்லை இழுத்து நீட்டும் கை, நாளை வேறொன்றுக்காக நீட்டாது என்பதற்கு உத்தரவாதம் ஏது? சொல்லைப் பற்றிப்பிடிப்பது பலவீனனுக்கு அரசனிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. அதை இழந்த சமூகங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால், நீதிபதிக்குரிய அளவுகோலை ஆயுதம் செய்பவன் எடுத்துக்கொள்ளும்போது என்ன நடக்கிறது?

1958 இல் எச். எல். ஏ. ஹார்ட் என்ற சட்ட மெய்யியலாளர் ஓர் உதாரணம் சொன்னார். பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்று ஒரு விதி. மோட்டார் கார் நிச்சயமாக வாகனம். விளையாட்டுக் கார்? சில்லுச் சப்பாத்து? சொல்லுக்கு ஐயமற்ற ஒரு மையமும், நிழல் விழும் ஓர் ஓரமும் உண்டு என்பது அவர் கருத்து. லோன் ஃபுல்லர் உடனே மறுமொழி எழுதினார்: போரில் ஓடிய லொறி ஒன்றை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் நிறுத்தினால் அது விதிமீறலா? எதற்காக விதி வந்தது என்று கேளாமல் சொல்லின் பொருளை அறிய முடியாது என்பது அவருடைய பக்கம்.

இருவருமே அந்த ஓரத்தில் தற்செயலாக வந்து நிற்பவனைப் பற்றித்தான் பேசினார்கள். ஓரத்தை அளந்து அங்கேயே கடை போடுபவன் வேறு. வகுப்பறைக்குள் பந்து விளையாடக்கூடாது என்றால், "இது பந்தில்லை சேர், கசக்கின கடுதாசி" என்று சொல்லும் பையனை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவர். அவன் விதியை விளங்காதவன் அல்லன். விளங்கியதனாலேயே கடுதாசியைத் தேடி எடுத்தவன். விதி அவனுக்கு எச்சரிக்கையாக இல்லை, செய்முறைக் குறிப்பாகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தைக் கொடு, வரைவிலக்கணத்தின் சொற்களுக்குள் மட்டும் விழுந்துவிடாதே என்று ஒரு சாதனத்தைத் திட்டமிடுபவனும் அப்படியே. சட்டம் எதைத் தடுக்க வந்ததோ அதையே அவன் விற்கிறான்.

இதற்கொரு மறுப்பு உண்டு: கொலைகாரன் எந்த ஆயுதத்தாலும் கொல்வான், சுட்டவனுடைய பழியை விற்றவன் தலையில் போடலாமா? போடக்கூடாதுதான். கொலையின் பழி கொலைகாரனுக்கே. ஆனால் பத்து நிமிடத்தில் ஆயிரம் வெடி என்ற வேகம் அவனுடைய விரலுக்குச் சொந்தமானதல்ல. அதை ஒருவர் யோசித்து, செய்து, விலை போட்டு விற்றிருக்கிறார். அந்த யோசனைக்கும் ஒரு பொறுப்பு இல்லாமற் போகுமா?

இந்த விவகாரத்தில் எல்லோரும் ஏதோவோர் உண்மையைச் சொல்கிறார்கள். செய்தவர் அனுமதி இருந்தது என்கிறார். வாங்கியவர் கடிதத்தைக் காட்டுகிறார். பணியகம் சட்டத்தின் சொல்லைக் காட்டுகிறது. நீதிமன்றம் சொல்லை மாற்றுவது தன் வேலையல்ல என்கிறது. 1934 இல் சட்டம் செய்தவர்கள் இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு கண்டிருக்கமாட்டார்கள் என ஒப்புக்கொண்ட நீதியரசர் சாமுவேல் அலிட்டோகூட, திருத்தவேண்டியது காங்கிரஸே என்று எழுதினார். காங்கிரஸோ 2017 இலும் திருத்தவில்லை. 2024 ஜூனில் தீர்ப்பு வந்த சில நாட்களில் செனட்டில் எடுத்த முயற்சியும் ஓர் உறுப்பினரின் ஆட்சேபத்தால் நின்றது. தெளிவாக எழுதுவது முடியாத காரியமல்ல. பல மாநிலங்கள் தத்தம் சட்டத்தால் இச்சாதனங்களைப் பெயர்சொல்லித் தடுத்துள்ளன. ஆகவே இந்தச் சாம்பல் நிறம் சொல்லின் இயல்பினால் மட்டும் வந்ததல்ல. வாக்களித்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள விரும்பாதோரின் மௌனமும் அதில் கலந்திருக்கிறது.

சட்டம் தடுக்கவில்லை என்பது தண்டனை கொடுக்க வருபவனிடம் சொல்லவேண்டிய பதில். அங்கே அது முழுமையான பதில்; நீதிபதி அதை ஏற்றுக்கொண்டு அனுப்பிவைக்கத்தான் வேண்டும். இதை ஏன் செய்தாய் என்று கேட்பவருக்கு அது பதிலாகாது. அவர் கேட்பது சட்டத்தைப் பற்றியல்ல, அந்த மனிதனைப் பற்றி.