ஓய்வு நேரம் எதற்காக?

அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர்களைப் பற்றிப் பெரியோர் கூறும் குறை ஒன்று உண்டு. பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்து உழைத்துவிட்டு, மாலை வந்ததும் திரைப்படம், கதைப் புத்தகம், கைப்பேசி என்று காலத்தை வீணாக்குகின்றனர் என்பதே அக்குறை. இளைஞர்களும் இதற்கு விடை கூறாமலில்லை. “பகற்பொழுதை ஊதியத்திற்கு விற்றுவிட்டோம், எஞ்சிய மாலைப் பொழுதேனும் எங்களுடையதாக இருக்கட்டும், அதைப் பற்றிக் கேட்க எவருக்கும் உரிமையில்லை” என்பர். இவ்விரு கூற்றுகளுள் எது சரி என்பதை அன்பர்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறோம். நாமும் அத்தகைய அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும் இளைஞரே. ஆதலின் இது நமக்குப் புறம்பான ஆராய்ச்சியன்று.

பெங்களூர் நகரத்தில் நம் போன்றோரின் நாள் எவ்வாறு கழிகிறது? காலை எட்டரை மணிக்கு அல்சூர் நிலையத்தில் மெட்ரோ இரயில் ஏறுகிறோம். 2011-ஆம் ஆண்டில் இந்நகரில் ஓடத் தொடங்கிய அவ்வண்டியில், நிற்பவர் அமர்ந்திருப்பவர் அனைவர் கையிலும் கைப்பேசி ஒளிர்கிறது. அலுவலகம் சேர்ந்ததும் கணிப்பொறி, கோப்புகள், மனுக்கள், மேலதிகாரியின் அழைப்பு, இடையே இருமுறை காப்பி; மாலையில் மீண்டும் அதே வண்டி. சனிக்கிழமை வந்தால் சர்ச் தெருவின் புத்தகக் கடைகள், அல்லது கப்பன் பூங்காவின் மரநிழல். அங்கே இளைஞர் பலர் கூடி, ஒருவரோடொருவர் பேசாமல் தத்தம் நூலைப் படித்துச் செல்லும் நல்வழக்கம் சில ஆண்டுகளாக வளர்ந்திருக்கிறது. ஞாயிறன்று ஒரு திரைப்படம். இவற்றுள் பழிக்கத்தக்கது எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஓய்வு என்பது எவரோ இரங்கி அளித்த கொடையுமன்று. 1919-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே, ஆலைத் தொழிலில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைக்கு வரம்பு கட்டியது. நம் நாட்டில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த ஆலைவேலை, 1946-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் 48 மணியாகக் குறைந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது அண்ணல் அம்பேத்கர் முயன்ற சீர்திருத்தங்களுள் அதுவும் ஒன்று. பலர் போராடிப் பெற்ற அம்மணிகளை மகிழ்ச்சியோடு கழிப்பது குற்றமாகாது.

வேறு சிலர், ஓய்வு நேரத்தை ஆக்கப்பணிக்கே செலவிட வேண்டுமென்று கூறி, கணித மேதை இராமானுஜனை எடுத்துக்காட்டுவர். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்த அவர், 1913 ஜனவரியில் தம் தேற்றங்களைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதியனுப்பினார் என்பது உண்மைதான். ஆயினும் எழுத்தர் அனைவரும் இராமானுஜனாக இயலாது. இயலாதவர்க்கு ஓய்வுகொள்ளும் உரிமையில்லை என்பதும் அறமாகாது. பயன் என்னும் அளவுகோலை மாலைப் பொழுதுக்கும் நீட்டுவது, அலுவலகத்தையே வீட்டுக்குக் கொண்டுவருவதாகும்.

அங்ஙனமாயின் இளைஞரின் விடை முற்றிலும் சரியானதா? சரியென்றே நாமும் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை ஒரு திங்கட்கிழமையில் தகர்ந்தது.

அதற்கு முந்திய ஞாயிறன்று, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1952-ஆம் ஆண்டில் எடுத்த ‘இகிரு’ என்னும் படத்தை நண்பர் வீட்டில் பார்த்தோம். வாழ்தல் என்பது அச்சொல்லின் பொருள். நகராட்சி அலுவலகம் ஒன்றில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாள்களில் முத்திரை குத்தியே காலங்கழித்த வாதனாபே என்னும் அதிகாரி, தமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிகிறார். முதலில் இரவு விடுதிகளில் இன்பம் தேடுகிறார். அங்கே அது கிட்டவில்லை. முடிவில் தம் மேசைக்கே திரும்புகிறார். கழிவுநீர் தேங்கிய இடத்தைத் திருத்திக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைத்துத் தருமாறு தாய்மார் சிலர் கொடுத்த மனு, துறைக்குத் துறை தள்ளப்பட்டுக் கிடந்தது. அதனைக் கையிலெடுத்து, அப்பூங்காவை அமைத்து முடித்தே உயிர்விடுகிறார். அவருக்காகக் கூடிய துக்கவீட்டில் உடன் பணிபுரிந்தோர் கண்ணீர் விட்டு, இனித் தாங்களும் அவ்வாறே பணிசெய்வதாகச் சூளுரைக்கின்றனர். பின்னர் அலுவலகம் திறக்கிறது; புதிய மனு ஒன்று வருகிறது; பழைய முறையிலேயே வேறு துறைக்குத் தள்ளப்படுகிறது. படம் முடிந்தபோது நம் கண்கள் நனைந்திருந்தன. நள்ளிரவு வரை அதன் அருமையைப் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மாலை, அலுவல் முடியப் பத்து நிமிடம் இருந்தது. நவம்பர் மாதம், ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை வாழ்நாள் சான்றிதழால் மெய்ப்பிக்க வேண்டிய மாதம். எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர் நம் மேசைமுன் வந்து நின்றார். 2014-ஆம் ஆண்டு முதல் இச்சான்றினை விரல்ரேகை கொண்டு கணிப்பொறி வழியே பதிய முடியும். ஆனால் முதுமையாலும், பாத்திரம் துலக்கித் துணி துவைத்த உழைப்பாலும் தேய்ந்த விரல்களைக் கருவி பலமுறை அறிந்துகொள்வதில்லை. அம்மூதாட்டியின் விரலை நான்குமுறை வைத்தும் அது ஏற்கவில்லை. வேறு வழிகள் இல்லாமலில்லை. 2021 முதல் முகத்தைப் படம்பிடித்தும் பதியலாம். தாளில் நிரப்பி அதிகாரியின் கையொப்பமும் பெறலாம். கால்மணி நேரம் பிடிக்கும். நாமோ, குரோசவாவைப் பற்றிய நூல் ஒன்றை எடுத்து வைக்குமாறு கடைக்காரரிடம் சொல்லியிருந்தோம். “கருவி வேலை செய்யவில்லை அம்மா, நாளைக்கு வாருங்கள்” என்றோம். “சரி தம்பி” என்று அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே அவர் வரிசையில் நின்றார். படிவத்தை நிரப்பும்போதுதான் அவர் முகவரியைப் படித்தோம். கோலார் தங்கவயல் என்றிருந்தது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், அவ்வூர் மக்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு இரயிலில் வந்து போகின்றனர். நெரிசல் மிகுந்த அவ்வண்டியில், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவை, நம் பொருட்டு அவர் இரண்டாம் முறையும் கடந்து வந்திருக்கிறார். பன்னிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. “நீ நல்லா இருக்கணும் தம்பி” என்று வாழ்த்திவிட்டுச் சென்றார். அவ்வாழ்த்து நம்மைச் சுட்டது.

படத்தில் சூளுரைத்து மறந்த அலுவலர்களை ஞாயிறன்று இகழ்ந்தோம். திங்களன்று நாமே அவர்களாக இருந்தோம். இஃது எங்ஙனம் நேர்ந்தது? “பகற்பொழுதை விற்றுவிட்டோம்” என்னும் அச்சொல்லிலேயே பிழை இருக்கிறது. வேலை நேரம் வாழ்வன்று, மாலையே வாழ்வு என்று நாளை இரண்டாக வெட்டிவிட்டால், மேசைமுன் நிற்பவர் நமக்கு மனிதராகத் தோன்றமாட்டார். நமக்கும் மாலைக்கும் குறுக்கே நிற்கும் தடையாகவே தோன்றுவார். ஊதியத்திற்கு நாம் விற்பது உழைப்பையே. கண்ணையும் நெஞ்சையும் விற்குமாறு எவரும் கேட்கவில்லை. அவற்றை நாமாகவே கழற்றி வைத்துவிடுகிறோம்.

இதனினும் நுண்ணியதொரு மயக்கமும் உண்டு. திரையில் தோன்றும் துயரத்திற்கு அழுதவுடன், நாம் இரக்கமுடையோர் என்னும் நிறைவு மனத்தில் குடிகொள்கிறது. அந்நிறைவு வந்தபின், இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில் மனம் உறங்கிவிடுகிறது. கேளிக்கைப் படம் மட்டுமன்று, உயர்ந்த கலையும் இவ்வாறு நம்மை ஏமாற்றக்கூடும்.

இதனால் நூலும் படமும் வேண்டாவென்று கூறுகிறோமா? இல்லை. ஓய்வின்றிக் களைத்தவன் கண்ணுக்கு எதிரில் நிற்பவர் தெரியார். ஆகவே ஓய்வு இன்றியமையாதது. அப்படத்தைப் பார்த்திராவிடில் அம்மூதாட்டியின் வாழ்த்து நம்மைச் சுட்டிருக்குமோ என்பதும் ஐயமே. படம் தன் பணியைச் செய்தது. ஆனால் ஒருநாள் தாமதித்துச் செய்தது. அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் நாமல்லர், அம்மூதாட்டியே.

ஆகவே பெரியோர்க்கு நாம் கூறுவது இது: இளைஞன் மாலையில் என்ன பார்த்தான், என்ன படித்தான் என்று கடிந்துகொள்ள வேண்டா. மறுநாள் காலை தன்னிடம் முதலில் வந்தவரோடு அவன் எவ்வாறு பேசினான் என்று கேளுங்கள். இளைஞர்க்கும் இதுவே அளவுகோல். மாலைப் பொழுது நம்முடையதே. ஆனால் அது நல்வழியில் கழிந்ததா என்பதற்குச் சான்று கூறுவது மறுநாட்காலைப் பொழுதாகும்.

அந்நூல் இன்றும் நம் அலமாரியில் இருக்கிறது. மேசைமுன் வருபவரின் படிவத்தில் முகவரியை முதலில் படிக்கும் பழக்கம் மட்டும் நமக்குப் புதிதாக வந்துள்ளது.